ஆப்பிளின் ஜூன் மாநாடு: எந்த ஊகத்தை நம்பி வேலையை நிறுத்தலாம்?

"டபிள்யூடபிள்யூடிசி வரப்போகிறது. யூடியூபில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுகிறார்கள். அதில் எதை நம்புவது? தனியாளாக ஒரு ஐபோன் ஆப் நடத்துகிறேன், பழைய இன்டெல் மேக்கில்தான் வேலை. மாநாடு முடியும்வரை புது வேலை எதையும் தொடங்காமல் இருக்கலாமா? புது மேக் வாங்குவதையும் தள்ளிப் போடலாமா?" இதுதான் கேள்வி. டபிள்யூடபிள்யூடிசி என்பது ஆப் எழுதுபவர்களுக்காக ஆப்பிள் ஒவ்வொரு ஜூனிலும் நடத்தும் மாநாடு. மேலோட்டமாகப் பார்த்தால் என்னென்ன அறிவிப்பு வரும் என்று கேட்பது போல இருக்கிறது. ஆனால் கேட்டவருக்கு வேண்டியது இன்னொரு பட்டியல் இல்லை. யார் சொல்வதை நம்பித் தன் காசையும் நேரத்தையும் நிறுத்தி வைக்கலாம் என்பதுதான் அவர் கவலை. அதற்குத்தான் இங்கே பதில் சொல்கிறேன்.

ஐபோன் ஆப் எழுதுவது பல வருடமாக என் பிழைப்பு. ஆப்பிளுக்குள் எனக்கு ஆள் கிடையாது. மாநாட்டுக்கு முன்னால் பேசப்பட்டது, மேடையில் சொன்னது, கடைசியில் கைக்கு வந்து சேர்ந்தது, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. கீழே உள்ளது 2025 மாநாடு வரை நடந்ததை வைத்துச் சொல்வது. நடந்த சம்பவங்கள் எல்லாம் பொதுவெளியில் உள்ளவை. அவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவுகள் என்னுடையவை, அவற்றோடு நீங்கள் முரண்படலாம்.

முதலில், சந்தேகமே தேவையில்லாதது காலண்டர். ஜூனில் ஒரு திங்கட்கிழமை, கலிஃபோர்னியாவில் காலை 10 மணி, நமக்கு இரவு 10.30. உரை முடிந்த அன்றே ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் புதுப் பதிப்பு டெவலப்பர் பீட்டாவாக, அதாவது ஆப் எழுதுபவர்களுக்கான சோதனைப் பதிப்பாக, வந்துவிடும். பொதுமக்களுக்கான பீட்டா பெரும்பாலும் ஜூலையில். முழுப் பதிப்பு செப்டம்பரில், புது ஐபோனோடு. அடுத்த ஏப்ரல் வாக்கில் ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் எதையும் அந்தப் புது எஸ்டிகேயில்தான் (ஆப் கட்ட ஆப்பிள் தரும் கருவித் தொகுப்பு) கட்டியிருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வரும். 2025இல் ஏப்ரல் 24 முதல் ஐஓஎஸ் 18 எஸ்டிகே கட்டாயமானது இப்படித்தான். இந்தச் சக்கரம் பல வருடமாக ஏறக்குறைய இதே வேகத்தில் சுற்றுகிறது. எந்தப் பட்டியலிலும் இது இருக்காது, ஏனென்றால் இதில் பரபரப்பு இல்லை. உங்கள் வேலையைத் திட்டமிட இதைவிட உறுதியான தகவலும் கிடைக்காது.

அடுத்தது வன்பொருள். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2008, 2009, 2010 மூன்று வருடமும் புது ஐபோன் இந்த மாநாட்டில்தான் வந்தது. 2011இல் அந்தப் பழக்கம் நின்றது. அந்த வருடம் ஜூனில் ஐகிளவுட், ஐஓஎஸ் 5 என்று மென்பொருள் மட்டும், ஐபோன் 4எஸ் அக்டோபரில். அப்புறம் இன்றுவரை ஜூனில் ஐபோன் இல்லை. 2014 முதல் 2025 வரையிலான 12 மாநாடுகளை எடுத்துக்கொண்டால், கடையில் வாங்கக்கூடிய புதுப் பொருள் மேடையில் அறிவிக்கப்பட்டது நான்கில் மட்டுமே: 2017, 2019, 2022, 2023. 2020இல் டெவலப்பர்களுக்கு 500 டாலருக்கு ஒரு சோதனை மேக் மட்டும் கொடுத்தார்கள், அதையும் பிறகு திருப்பித் தர வேண்டும். ஆகவே "இந்த வருடம் மேக் வருகிறது" என்று யாராவது சொன்னால், எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டுவதுதான் லாபம். அந்த நான்கு வருடங்களில்கூட வந்ததில் பாதி ஐமேக் ப்ரோ, மேக் ப்ரோ, விஷன் ப்ரோ மாதிரி தனியாள் டெவலப்பர் வாங்காத சாமான்கள்.

மென்பொருளுக்கு வருவோம், மாநாடே அதற்காகத்தானே. வதந்தி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதை எடைபோடுவது எளிது. ஒரு போன் தயாராக வேண்டுமென்றால் தொழிற்சாலை, அச்சு, திரை சப்ளை செய்பவர், பெட்டி அடிப்பவர் என ஆயிரக்கணக்கானோர் அதைத் தொட வேண்டும். மிங்-சி குவோ போன்ற ஆய்வாளர்கள் அந்தச் சப்ளை சங்கிலியிலிருந்துதான் தகவல் எடுக்கிறார்கள். 2010இல் ஒரு மதுக்கடையில் மறந்துவிடப்பட்ட ஐபோன் 4 மாதிரி கிஸ்மோடோ தளத்தின் கைக்குப் போய், அறிவிப்புக்கு முன்பே உலகம் முழுக்கப் படமாக வந்தது. மென்பொருளுக்கு இந்தச் சங்கிலியே கிடையாது. அது கசிய வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒருவர் பேச வேண்டும், அல்லது ஒரு சோதனைப் பதிப்பு வெளியே வர வேண்டும். 2020இல் ஐஓஎஸ் 14இன் ஆரம்பப் பதிப்பு ஒன்று மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே வெளியே உலவியது. அது விதிவிலக்கு. ஐஓஎஸ் 26 பற்றிய கசிவுக்காக 2025 ஜூலையில் ஒரு யூடியூபர் மீது ஆப்பிள் வழக்கே தொடுத்தது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2014. ஸ்விஃப்ட் என்ற ஒரு முழு நிரல்மொழியை ஆப்பிள் பொறியாளர் கிரிஸ் லாட்னர் 2010இலேயே எழுதத் தொடங்கிவிட்டார். நான்கு வருடம் கழித்து மேடையில் பெயர் சொல்லும்வரை வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு ஐபோன் டெவலப்பரின் வாழ்க்கையை அதிகம் மாற்றிய அறிவிப்பு அதுதான், எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

இன்று மென்பொருள் வதந்திகளில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன: ப்ளூம்பெர்க்கில் எழுதும் மார்க் குர்மன். யூடியூபில் நீங்கள் பார்க்கும் பட்டியல்களில் நிறைய அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைக் கொஞ்சம் இசை சேர்த்து வாசிப்பவை. நான்கு பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்பதால் அது நான்கு சாட்சி ஆகிவிடாது. நான்கு பேரும் ஒரே செய்தியைத்தான் படித்திருக்கிறார்கள். அந்த மூலம் எப்படி? என் கணிப்பில் "என்ன" என்பதில் மிக நல்லது, "எப்போது" என்பதில் சுமார், "எந்த வடிவில்" என்பதில் பலவீனம். மேக்குகளில் இன்டெல் சிப்பை விட்டுவிட்டு ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறப்போகிறது, 2020இல் தொடங்கலாம் என்று ப்ளூம்பெர்க் 2018 ஏப்ரலில் எழுதியது. 2020 ஜூனில் அப்படியே நடந்தது. ஐஓஎஸ் 19க்குப் பதிலாக ஐஓஎஸ் 26 என்று பெயர் வைக்கப்போகிறார்கள் என்பது 2025 மாநாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு வந்தது, அதுவும் சரி.

ஆனால் ஐபேட் ஆப்கள் மேக்கில் ஓடும் என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் அது வந்தபோது, ஒரே ஆப்பை எழுதி இரண்டு இடத்திலும் ஓட்டலாம், அடுத்த வருடமே வரலாம் என்று பேச்சு. 2018 மேடையில் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, இரண்டு இயங்குதளத்தையும் இணைக்கப் போகிறீர்களா என்று தானே கேட்டுக்கொண்டு திரை நிறைய "இல்லை" என்று காட்டினார். அடுத்த நிமிடம், ஆப்பிளின் சொந்த ஆப்கள் நான்கை மட்டும் அந்த முறையில் மேக்குக்குக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். டெவலப்பர்கள் கைக்கு அது வந்தது 2019இல், கேட்டலிஸ்ட் என்ற பெயரில். செய்தி தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நம்பி 2018இல் மேக் பதிப்பை நிறுத்தி வைத்தவர் ஒரு வருடத்தை இழந்திருப்பார். உங்கள் கேள்விக்கு இந்த இடைவெளிதான் முக்கியம்.

இதற்குக் கீழே துப்பறியும் வேலைகள் வருகின்றன: வேலை விளம்பரம், வர்த்தகக் குறிப் பதிவு, அழைப்பிதழ் படம். இவற்றை நான் பொழுதுபோக்காக மட்டும் படிக்கிறேன். 2021 மாநாட்டுக்குச் சில நாள் முன்பு ஆப்பிளின் ஒரு வேலை விளம்பரத்தில் "ஹோம்ஓஎஸ்" என்ற பெயர் இருந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அப்படி எதுவும் வரவில்லை. அதே வருடம் எம்1எக்ஸ் சிப்போடு மேக்புக் ப்ரோ வருகிறது என்று பலர் அடித்துச் சொன்னார்கள். வரவில்லை. இதில் வேடிக்கை, உரையை ஆப்பிள் யூடியூபில் ஏற்றியபோது அந்தக் காணொளியின் குறிச்சொற்களிலேயே அந்தப் பெயர் இருந்தது! மேக்புக் ப்ரோ அக்டோபரில்தான் வந்தது, சிப்பின் பெயரும் எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ் என்று வேறாக இருந்தது. 2022இல் "ரியாலிட்டிஓஎஸ்" என்று ஒரு பதிவைக் கண்டுபிடித்தார்கள். அதன் கெடு ஜூன் 8, மாநாடோ ஜூன் 6, ஆகவே கண்ணில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் தலைக்கவசம் நிச்சயம் என்றார்கள். அந்த வருடம் வந்தது எம்2 மேக்புக் ஏர். தலைக்கவசம் 2023இல்தான் 3,499 டாலர் விலையோடு விஷன் ப்ரோ என்று அறிவிக்கப்பட்டது, அதன் இயங்குதளத்தின் பெயர் விஷன்ஓஎஸ். அதற்கு முந்தைய வாரம்வரை எல்லாரும் எக்ஸ்ஆர்ஓஎஸ் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இனி நான் உண்மையிலேயே நம்பும் இடங்களைச் சொல்கிறேன். இவை எல்லாமே பொதுவெளியில் திறந்து கிடக்கின்றன, காசு கிடையாது, யாரும் படிப்பதும் இல்லை.

முதல் இடம் ஸ்விஃப்ட் மொழியின் சொந்த விவாதக் களம். 2015 டிசம்பரில் ஸ்விஃப்டைத் திறந்த மூலமாக்கியதிலிருந்து, மொழியில் எந்த மாற்றம் வேண்டுமானாலும் அதை முன்மொழிவாக எழுதி, எல்லார் முன்னாலும் விவாதித்து, பிறகுதான் ஏற்க வேண்டும். ஆப்பிள் ஊழியர்களுக்கும் இதே வழிதான். ஒரு ரகசியக் கட்டமைப்புக்கு மொழியில் ஒரு புது வசதி தேவைப்பட்டால், கட்டமைப்பை மறைக்கலாம், வசதியை மறைப்பது கடினம். 2019 ஜூனுக்கு முந்தைய மாதங்களில், ஒரு செயற்கூறு தான் திருப்பித் தரும் வகையின் பெயரைச் சொல்லாமல் மறைக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. பண்புகளின் நடத்தையைத் தனியே பிரித்து ஒட்டலாம் என்று இன்னொன்று வந்தது. இதெல்லாம் எதற்கு இப்போது, என்ன அவசரம் என்று களத்தில் பலர் கேட்டார்கள். ஜூனில் ஆப்பின் திரைகளை எழுதும் புதுக் கட்டமைப்பான ஸ்விஃப்ட்யூஐ வந்தபோது பதில் கிடைத்தது: அதன் ஒவ்வொரு வரியிலும் அந்த இரண்டும்தான். "சம் வியூ", "ஸ்டேட்" என்று இன்று நாம் கை பழகி எழுதுவது எல்லாம் அந்த முன்மொழிவுகளின் பிள்ளைகள். ஸ்விஃப்ட்யூஐ என்ற பெயரை அப்போது யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் திரை வடிவமைப்பு விஷயத்தில் ஏதோ பெரிதாக வருகிறது என்று மோப்பம் பிடிக்க முடிந்திருக்கும்.

அது ஒருமுறை நடந்த தற்செயல் இல்லை. நேரம் எடுக்கும் வேலைகளுக்குக் காத்திருக்கும் குறிநிரலை எளிதாக எழுத உதவும் அசிங்க் அவெய்ட் முன்மொழிவு 2021 மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே ஏற்கப்பட்டிருந்தது. குறிநிரலைத் தானே எழுதித் தரும் மேக்ரோக்களும், பொருள்களின் மாற்றத்தைக் கவனிக்கும் ஆப்சர்வேஷன் என்பதும் 2023 தொடக்கத்தில் அங்கே பேசப்பட்டன. ஜூனில் தரவைச் சேமிக்கும் கட்டமைப்பான ஸ்விஃப்ட்டேட்டா அந்த மேக்ரோக்கள் மேல் ஏறி உட்கார்ந்து வந்தது. அதற்கும் முன்னால், 2016இல் ஸ்விஃப்ட் 3 எல்லார் குறிநிரலையும் உடைத்தது நினைவிருக்கும். "பிளஸ் பிளஸ்" எடுக்கப்படப்போகிறது என்பது முதற்கொண்டு எல்லாமே அங்கே முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அந்தக் களத்தைப் படித்தவர்களுக்கு அந்தச் செப்டம்பரில் வேலை இருந்தது, அதிர்ச்சி இருக்கவில்லை.

இரண்டாவது இடம் ஆப்பிளின் மே மாத அறிக்கை. உலக அணுகல்தன்மை விழிப்புணர்வு நாளை ஒட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான புது வசதிகளை அவர்களே வெளியிடுவார்கள், "இந்த வருடப் பிற்பகுதியில் வரும்" என்ற குறிப்போடு. அதாவது இன்னும் பெயர்கூடச் சொல்லாத ஐஓஎஸ்ஸின் ஒரு பகுதி, அதிகாரபூர்வமாக, மாநாட்டுக்குச் சில வாரம் முன்பு. 2023இல் நம் குரலையே பதிந்து பேச வைக்கும் பர்சனல் வாய்ஸ், 2024இல் கண் அசைவால் ஐபேடை இயக்குவது, 2025இல் ஆப் ஸ்டோர் பக்கத்திலேயே ஒரு ஆப்பின் அணுகல் வசதிகளைக் காட்டும் பட்டை. இந்த மூன்றாவது உங்களை நேரடியாகத் தொடுகிறது: உங்கள் ஆப், திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவரில் ஒழுங்காக ஓடுகிறதா என்பது இனி வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரியும். வதந்திப் பட்டியல் எதிலும் இது முதல் இடத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, போன மாநாட்டின் ஆவணங்கள். ஆப்பிள் ஒரு பழைய வழியைக் கைவிடச் சொல்லி, புது வழியை வலிந்து தள்ளினால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு புதுச் சாதனம் இருக்கிறது. 2012 ஜூனில் திரை அளவை நம்பாமல், திரையில் உள்ளவை ஒன்றுக்கொன்று எங்கே இருக்க வேண்டும் என்ற உறவுகளால் வடிவமைக்கும் ஆட்டோ லேஅவுட் ஐஃபோனுக்கு வந்தது. செப்டம்பரில் நீளமான ஐபோன் 5. 2014இல் திரைகளை அளவு வகைகளாகப் பிரிக்கும் சைஸ் கிளாஸ் என்ற கருத்தும், இஷ்டத்துக்கு அளவை மாற்றக்கூடிய சிமுலேட்டரும் வந்தன, செப்டம்பரில் 4.7 அங்குலத்திலும் 5.5 அங்குலத்திலும் ஐபோன் 6, அடுத்த வருடம் ஐபேடில் இரண்டு ஆப் பக்கத்தில் பக்கத்தில். 64 பிட் கதை இன்னும் மெதுவானது, அதனாலேயே இன்னும் நேர்மையானது: 2013இல் சிப் வந்தது, 2015இல் ஆப் ஸ்டோர் கட்டாயமாக்கியது, 2017இல் ஐஓஎஸ் 11 பழைய 32 பிட் ஆப்களைத் திறக்கவே மறுத்தது. நான்கு வருட எச்சரிக்கை. இருந்தும் அன்று எத்தனை பேர் கதறினார்கள்!

ஆனால் இந்த வகை ஊகத்துக்கும் எல்லை உண்டு. 2015இல் பிட்கோடு என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். ஆப்பை இறுதி எந்திர மொழியாக இல்லாமல் ஒரு இடைநிலை வடிவத்தில் ஆப்பிளுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் பிறகு கடைசிக் கட்டத்தைச் செய்துகொள்வார்கள். ஆகா, மேக்கின் சிப்பை மாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று நிறையப் பேர் எழுதினார்கள். மேக் சிப் மாறியது உண்மைதான், ஆனால் அதில் பிட்கோடுக்கு வேலையே இல்லை. எல்லாரும் ஆப் எழுதும் ஆப்பிளின் கருவியான எக்ஸ்கோட் 12இல் திரும்பக் கட்டித்தான் அனுப்பினோம். பிட்கோடு உண்மையில் உதவியது 2018இல் ஆப்பிள் வாட்ச் புதுவகைச் சிப்புக்கு மாறியபோது. 2022இல் அதையே ஓரங்கட்டிவிட்டார்கள். நல்ல தடயம், தவறான வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஆகவே இந்த மூன்றாவது வகையை வைத்துப் புதுச் சாதனத்தைக் கணிக்காதீர்கள். உங்கள் குறிநிரலில் எந்தப் பகுதி வழக்கொழிகிறது என்று மட்டும் பாருங்கள்.

இதுவரை பேசியது அறிவிப்புக்கு முன்னால். அறிவிப்புக்குப் பின்னாலும் ஒரு சந்தேகம் தேவை, இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை. மேடையில் காட்டினால் அது செப்டம்பரில் வந்துவிடும் என்பது நிச்சயம் இல்லை. 2017இல் காட்டிய, ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏர்பிளே 2ம், செய்திகளை ஐகிளவுடில் வைக்கும் வசதியும் 2018 மே மாதம்தான் வந்தன. 2021 ஜூனில் கைதட்டல் வாங்கிய, ஒரே விசைப்பலகையால் மேக்கையும் ஐபேடையும் இயக்கும் யுனிவர்சல் கன்ட்ரோல் 2022 மார்ச்சில். 2022இல் காட்டிய காரின் திரைகளுக்கான அடுத்த தலைமுறை கார்ப்ளே 2025 மே மாதம் ஆஸ்டன் மார்ட்டின் காரில் ஏறியது. 2024இல் நம் மின்னஞ்சலையும் செய்திகளையும் புரிந்துகொண்டு பதில் சொல்லும் சிரியைக் காட்டினார்கள், விளம்பரமும் போட்டார்கள். 2025 மார்ச்சில், எதிர்பார்த்ததைவிட நாளாகும் என்று அறிக்கை வந்தது. அதே 2024இல் அறிவித்த, குறிநிரல் எழுத உதவும் ஸ்விஃப்ட் அசிஸ்ட் அந்த வடிவில் வரவே இல்லை; 2025இல் எக்ஸ்கோட் 26 வேறொரு ஏற்பாட்டோடு வந்தது. மறுபக்கமும் உண்டு. 2007 ஜூனில் ஐபோனுக்குத் தனி ஆப் தேவையில்லை, வலைப்பக்கம் போதும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சொன்னார்; அக்டோபரிலேயே எஸ்டிகே வரும் என்று அவரே அறிவித்தார். மேடைப் பேச்சே இப்படி என்றால், மேடைப் பேச்சைப் பற்றிய ஊகத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

தொழிலை உண்மையில் அடிக்கும் அறிவிப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஆப் மற்ற ஆப்களில் உங்களைப் பின்தொடரும் முன் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி 2020 மாநாட்டில் சில நிமிடங்களில் கடந்துபோனது. அன்று எல்லாரும் பேசியது முகப்புத் திரையின் விட்ஜெட் பற்றி. 2021 ஏப்ரலில் அது அமலானது, 2022க்கு மட்டும் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் அடிபடும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமே சொன்னது. விளம்பரத்தில் ஓடிய சின்ன ஆப்கள் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. இன்னொரு பக்கம், உங்கள் ஆப் செய்யும் வேலையை ஆப்பிளே இலவசமாகச் செய்துவிடும் ஆபத்து. 2002இல் வாட்சன் என்ற ஆப்பின் வேலையை ஆப்பிளின் தேடல் ஆப்பான ஷெர்லாக் 3 எடுத்துக்கொண்டதிலிருந்து இது நடந்துகொண்டுதான் இருக்கிறது: ஐபேடை இரண்டாவது திரையாக்கும் ஆப்களுக்கு 2019இல் சைட்கார், ஐபோனை வெப்கேம் ஆக்கும் ஆப்களுக்கு 2022இல் கன்டினியூட்டி கேமரா. இவை சில சமயம் முன்பே கசியும். கசிந்தும் என்ன, இரண்டு மாதத்தில் ஒரு தொழிலை மாற்ற முடியுமா? கட்டண விதிகளோ மாநாட்டுக்கு வெளியேயும் வரும். சந்தாவில் ஒரு வருடத்துக்குப் பிறகு டெவலப்பருக்கு 85 சதவீதம் என்ற மாற்றத்தை 2016இல் மாநாட்டுக்கு முந்தைய வாரமே சொல்லிவிட்டார்கள்.

சரி, இனி உங்கள் நிலைமை. புது வேலையை நிறுத்தி வைக்கலாமா? தரவு, சர்வர், பணம் கட்டும் பகுதி, பிழைத்திருத்தம் இவற்றை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. மேடையில் என்ன வந்தாலும் அவை மாறாது. தோற்றத்தை மட்டும், பொத்தான், மேல்பட்டை, கீழ்ப்பட்டை என்று சொந்தமாக அலங்கரிக்கும் வேலையை, ஏப்ரலுக்குப் பிறகு தொடாமல் இருப்பது என் வழக்கம். 2013இல் ஐஓஎஸ் 7, 2025இல் கண்ணாடி மாதிரியான லிக்விட் கிளாஸ் என்று ஆப்பிள் மொத்தத் தோற்றத்தையும் மாற்றிய இரண்டு தடவையும் அடி வாங்கியவர்கள் ஆப்பிள் தரும் பொருள்களை விட்டுவிட்டுத் தாங்களே வரைந்தவர்கள்தான். பொத்தானை ஆப்பிளின் பொத்தானாகவே விட்டவர்களுக்குத் திரும்பக் கட்டியதும் பாதி வேலை முடிந்தது. லிக்விட் கிளாஸ் வேண்டாம் என்று தற்காலிகமாக விலக ஒரு அமைப்பும் தந்தார்கள், அது நிரந்தரம் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

புதுக் கட்டமைப்புக்காகக் காத்திருப்பதும் தனியாளுக்கு அவ்வளவு பயன் தராது. ஜூனில் வரும் ஏபிஐ (நம் ஆப்கள் பயன்படுத்த ஆப்பிள் திறந்துவிடும் வசதி) பெரும்பாலும் அந்த வருட ஐஓஎஸ்ஸில் மட்டும் ஓடும். உங்கள் பயனர்களில் போதுமானோர் அதற்கு மாற ஒன்று இரண்டு வருடம் ஆகும். அசிங்க் அவெய்ட் மாதிரி சில மாதத்தில் பழைய ஐஓஎஸ்ஸுக்கும் கொண்டுவந்தது அரிது. 2025இல் வந்த, போனிலேயே ஓடும் மொழி மாதிரியைப் பயன்படுத்தும் கட்டமைப்பு நல்லதுதான், இணையமும் காசும் தேவையில்லை. ஆனால் ஐஓஎஸ் 26ம் வேண்டும், ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஓடும் போனும் வேண்டும், அதாவது ஐபோன் 15 ப்ரோவோ அதற்குப் பிந்தையதோ. உங்கள் பயனர்களில் அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று, டெவலப்பர்கள் தங்கள் ஆப்பை நிர்வகிக்கும் ஆப் ஸ்டோர் கனெக்ட் தளத்தில் பாருங்கள்.

மேக் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் இங்கே வதந்தி தேவைப்படவில்லை, ஆப்பிளே சொல்லிவிட்டது. மேக்ஓஎஸ் 26தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி, அதுவும் நான்கே மாடல்களுக்கு. இன்டெல்லுக்காகக் கட்டிய மென்பொருளைப் புது மேக்கில் ஓட்டும் ரொசெட்டாவும் மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும். அதன்பின் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும். எக்ஸ்கோடின் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்கோட் 15 முதலில் மேக்ஓஎஸ் 13இல் ஓடியது, 15.3 வந்தபோது 14 கேட்டது. எக்ஸ்கோட் 16 மேக்ஓஎஸ் 14இல் ஓடியது, 16.3 வந்தபோது 15 கேட்டது. ஏப்ரல் விதி புது எக்ஸ்கோடைக் கேட்கும், எக்ஸ்கோட் புது மேக்ஓஎஸ்ஸைக் கேட்கும், மேக்ஓஎஸ் ஆப்பிள் சிப்பைக் கேட்கும். உங்கள் இன்டெல் மேக்கிலிருந்து ஆப் ஸ்டோருக்கு அனுப்ப முடியாத நாள் வரப்போவது உறுதி, தேதி மட்டும்தான் மீதி. ஜூனில் மேக் வரும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று மேலே பார்த்தோம். வந்தாலும் இப்போதைய மாடல் ஒரே இரவில் கெட்டுப்போகாது. கையில் காசு இருந்தால் இப்போதே 16 ஜிபி மெமரி உள்ள மேக்புக் ஏரோ மேக் மினியோ போதும். காசு இடித்தால் பழைய எம்1ஐக்கூட வாங்கலாம், 8 ஜிபியைத் தவிர்த்துவிட்டு.

மாநாட்டு இரவன்று 10.30 உரையைப் பார்ப்பது உங்கள் விருப்பம், அது வாடிக்கையாளர்களுக்கானது. நமக்கானது அதற்கு மூன்று மணி நேரம் கழித்து, நள்ளிரவு 1.30க்கு வரும் பிளாட்ஃபார்ம்ஸ் ஸ்டேட் ஆஃப் தி யூனியன். இன்டெல்லுக்கு முடிவு கட்டிய செய்தியை 2025இல் அங்கேதான் சொன்னார்கள், முதல் உரையில் அல்ல. தூங்கிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தாலும் போதும், பீட்டாவை அன்றே உங்கள் ஒரே போனில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.